கீழ என்னத்த விரிச்சிருக்கீக?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பவர்கள் கட்டாயம் கடைசிவரை படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து மகன் பேசினான். அரையாண்டு லீவுக்குக் குடும்பத்தோடு கொடைக்கானல் போகிறார்களாம். லாட்ஜில் தங்கவில்லையாம், டென்ட் போட்டு இரண்டு ராத்திரி இருக்கப் போகிறார்களாம். "சின்னவனுக்கு ரெண்டு வயசுதாம்மா ஆகுது. குளிருமே, எத்தனை கம்பளி எடுத்துட்டுப் போகட்டும்?" என்று கேட்டான்.

"கம்பளி இருக்கட்டும்டா, கீழே என்ன விரிக்கப் போற?" என்றேன்.

"டென்ட்டுக்கு அடியிலேயே ஷீட்டு இருக்கும்மா" என்றான்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் நினைத்தேன். அதனால் ஒரு ராத்திரி எங்கள் வீட்டில் என்ன ஆனது என்பதை அவனிடம் இத்தனை நாளாகச் சொல்லாமலே இருந்துவிட்டேன். அன்றைக்குப் போனில் சொன்னேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும்.

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை விடியற்காலை. கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை ஏறியது. கடற்கரைக்காரர்களுக்குத்தான் ஆபத்து, நம்ம பக்கம் கொஞ்சம் மழை பெய்யும், அவ்வளவுதான் என்று கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கத்தில் எல்லாரும் நினைத்தோம். புயல் நேரே மேற்கே வந்து புதுக்கோட்டை மாவட்டத்தையும் புரட்டிப் போட்டது. விடிந்து பார்த்தால் தென்னந்தோப்பெல்லாம் தரையோடு தரையாகக் கிடந்தது. தலைமுறை கண்ட பலாமரங்கள் வேரைக் காட்டிக்கொண்டு சாய்ந்திருந்தன. கரண்டு கம்பம் ஒன்றுகூட நிமிர்ந்து நிற்கவில்லை. போன் இல்லை. ரோட்டின் குறுக்கே மரங்கள்.

எங்களுடையது ஓட்டு வீடு. கொல்லைப்பக்கத்துப் பலா பாதி வீட்டின் மேல் விழுந்தது. மீதி ஓட்டைக் காற்று அள்ளிக்கொண்டு போனது. சுவர் ஊறிப்போயிருந்ததால் உள்ளே படுக்கப் பயம். தீபாவளிக்கு வந்த மகள் அப்போது எங்களோடுதான் இருந்தாள். மூத்தவன் மூன்று வயது, பேத்தி எட்டு மாதக் கைக்குழந்தை.

முற்றத்தில் நாலு மூங்கில் நட்டு, தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு குடும்பமும் அதற்குள் வந்துவிட்டார்கள். மொத்தம் ஐந்து பிள்ளைகள். கஜாவில் வீடு போன எத்தனையோ குடும்பங்கள் இப்படித்தான் தார்ப்பாய்க்குக் கீழே கார்த்திகையையும் மார்கழியையும் கழித்தன. நாங்கள் பன்னிரண்டு ராத்திரி.

மூன்றாவது ராத்திரி. மழை நின்று நின்று பெய்தது. வாடைக்காற்று. நிவாரணமாக வந்த புதுப் போர்வைகள் கையில் இருந்தன. நான்தான் படுக்கை போட்டேன். தரையில் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டு, அதன் மேல் கோரைப்பாய், ஒரு பெட்ஷீட்டு. பிள்ளையைப் படுக்க வைத்து மேலே இரண்டு போர்வையைப் போர்த்தினேன். இனிக் குளிராது என்ற நிம்மதியில் கண்ணயர்ந்தேன்.

மூன்று மணி இருக்கும். மகள் என்னை உலுக்கினாள். "அம்மா, பாப்பா பாலுக்கே எந்திரிக்கல."

தொட்டுப் பார்த்தேன். கை சில்லென்று இருந்தது. சின்னப் பிள்ளைகளுக்குக் கை கால் சில்லென்று இருப்பது சகஜம்தான். சட்டைக்குள் கையை விட்டு நெஞ்சைத் தொட்டேன், பிடரியைத் தொட்டேன். அங்கேயும் சில்லென்று இருந்தது. பிள்ளை கண்ணைத் திறந்தாள், அழவில்லை. மகள் மார்பில் வைத்தாள், சப்ப முடியவில்லை. எப்போதும் வீட்டையே ரெண்டாக்குகிற பிள்ளை துணி மாதிரி கிடந்தாள்.

போர்வையைத் தூக்கினால், மேல்பக்கம் ஈரம். மழை ஒழுகவில்லை. அத்தனை பேர் விட்ட மூச்சு தார்ப்பாயின் உள்பக்கம் நீராகக் கோத்துச் சொட்டியிருக்கிறது. கீழே பாய் ஊறிக் கிடந்தது. சாய்வான முற்றம், மழைத் தண்ணீர் ஓரமாகப் புகுந்து ஷீட்டின் மேலேயே தேங்கியிருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போக வழி இல்லை, கூப்பிட போன் இல்லை. எங்கள் சத்தம் கேட்டு அந்தக் கோடியில் படுத்திருந்த பக்கத்து வீட்டு ஆத்தா அரிக்கேன் விளக்கோடு வந்தார். எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து முப்பது வருஷம் ஆட்டுக்கிடையோடு ஊர் ஊராகப் போனவர். வெள்ளாமை அறுத்த வயலில் கிடை போட்டு, வானத்துக்குக் கீழேயே பிள்ளைகளை வளர்த்தவர்.

ஆத்தா பதறவில்லை. "ஈரத்துணிய உரி மொதல்ல" என்றார். பிள்ளையை உரித்துக் காய்ந்த துண்டால் ஒற்றி எடுத்தோம். "ரவிக்கையக் கழட்டி ஒன் நெஞ்சோட போட்டுக்க தாயி. ஒன் சூடுதான் இப்ப மருந்து." மகளின் வெறும் நெஞ்சோடு பிள்ளையின் வெறும் நெஞ்சு. முகம் ஒரு பக்கமாக, மூச்சுவிட வழியாக. தலைக்கு ஒரு காய்ந்த துணி. இரண்டு பேரையும் சேர்த்து ஆத்தாவுடைய உலர்ந்த சேலையைச் சுற்றி, அதற்கு மேல் போர்வை. மகள் அசந்து தூங்கிவிடக் கூடாது என்று நானும் ஆத்தாவும் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் ஆத்தா பிடரியைத் தொட்டுப் பார்த்தார்.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். பிள்ளை நெளிந்தாள். முகத்தைச் சுளித்தாள். வீறிட்டு அழுதாள்.

"அழுதுட்டா. இனி பயமில்ல" என்றார் ஆத்தா. முப்பத்தைந்து வருஷம் வகுப்பில் "அழாதே" என்று சொல்லிப் பழகின எனக்கு ஒரு பிள்ளையின் அழுகை அப்படி இனித்தது அன்றைக்குத்தான்.

பிள்ளை பால் குடிக்க ஆரம்பித்த பிறகுதான் ஆத்தா என் பக்கம் திரும்பினார். "ஏன் டீச்சரம்மா, மேல இம்புட்டுப் போத்தியிருக்கீகளே, கீழ என்னத்த விரிச்சிருக்கீக?"

பதில் சொல்ல முடியவில்லை. இரும்புக் கம்பியில் மெழுகால் குண்டூசிகளை ஒட்டி, ஒரு முனையைச் சூடுபடுத்தி, ஊசிகள் ஒவ்வொன்றாக விழுவதைக் காட்டி வெப்பக் கடத்தல் பாடம் நடத்தியவள் நான். எத்தனை வருஷம்! படுத்திருக்கிற பிள்ளையின் சூட்டையும் ஈரத்தரை அப்படித்தான் உறிஞ்சும் என்று எனக்கு உறைக்கவில்லை.

காலையில் ஆத்தா சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் பிரித்துத் திரும்பப் போட்டோம். வைக்கோல் எல்லாம் நனைந்துவிட்டதே என்றேன். "போருக்குள்ள கைய விட்டுப் பாருங்க" என்றார். வைக்கோல்போரின் மேல்பக்கம்தான் ஈரம். முழங்கை ஆழத்தில் கையை விட்டால் உலர்ந்த வைக்கோல், கொஞ்சம் வெதுவெதுப்பாகக்கூட இருந்தது. தார்ப்பாயைச் சுற்றி மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் இழுத்தோம். தரையில் ஷீட்டு, அதன் மேல் முக்கால் முழ உயரத்துக்கு வைக்கோல், அதன் மேல் சாக்கு, பிறகு பாய். ஷீட்டின் ஓரங்களை மேலே மடித்துவிட்டோம், தண்ணீர் ஏறாதபடி. வாடை வருகிற வடபக்கத்தை அடைத்து, தென்பக்கம் வாசல் வைத்தோம். முழுக்க மூடாமல் மேலே ஒரு கை அகலம் இடைவெளி விட்டோம். மூச்சு வெளியே போனது, சொட்டுவது குறைந்தது.

இன்னொன்றும் நடந்தது. அடுத்த ராத்திரி ஒரு தம்பி, பிள்ளைகள் குளிருக்கு ஒடுங்கக் கூடாது என்று கொட்டாங்கச்சிக் கரியைக் கும்மட்டி அடுப்பில் பற்றவைத்து உள்ளே கொண்டுவந்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் இந்த விஷயம் எனக்குத் தெரியும். மூடின இடத்தில் கரித்தணல் கார்பன் மோனாக்சைடை விடும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். "வெளியே வையுங்கள் தம்பி" என்று கத்தியே விட்டேன். வெளியே எரிந்த தணலில் துணிகளைக் காயவைத்தோம், கஞ்சி சுடவைத்தோம். ஆத்தா கேட்டுவிட்டு, "நாங்களும் தீயக் கிடைக்கு வெளியதான் போடுவோம், ஆனா அதுக்கு இதுதான் காரணம்னு தெரியாது" என்றார். அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் மானம் திரும்பியது.

நண்பர்களே, அன்று ராத்திரி நம்ம ஊரில் வெப்பநிலை இருபது, இருபத்திரண்டு டிகிரிக்குக் கீழே போயிருக்காது. அதையெல்லாம் குளிர் என்றே நாம் சொல்லமாட்டோம். ஆனால் ஈரமும் காற்றும் தரையும் சேர்ந்தால் அந்த இருபத்திரண்டே போதும். காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். சின்னப் பிள்ளைக்கு எடை குறைவு, எடையோடு பார்த்தால் தோலின் பரப்பு அதிகம். அதனால் நம்மைவிடச் சீக்கிரம் சூடு இறங்கும். கைக்குழந்தைக்கு நம்மைப் போல நடுங்கிச் சூடு உண்டாக்கவும் சரியாக வராது. போர்வையை இழுத்துப் போர்த்தவும் தெரியாது, குளிருது என்று சொல்லவும் தெரியாது. நடுங்காமல், அழாமல் கிடக்கிற பிள்ளையைத்தான் முதலில் தொட்டுப் பார்க்க வேண்டும்.

ஆத்தா செய்த வைத்தியத்துக்கு ஆஸ்பத்திரியில் கங்காரு முறை என்று பேர். 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரத்தில், குறைமாதக் குழந்தைகளை வைக்க இன்குபேட்டர் போதாதபோது டாக்டர்கள் தாயின் நெஞ்சிலேயே குழந்தையைக் கட்டி வைத்துப் பார்த்தார்கள். இன்று உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைக்கிறது. நம் அரசு மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள். ஆத்தா அதைப் படிக்கவில்லை.

மகனுக்குச் சொன்னதைச் சுருக்கமாக இங்கேயும் சொல்கிறேன். கொடைக்கானல் கிட்டத்தட்ட 2,100 மீட்டர் உயரம். டிசம்பர் ராத்திரியில் பத்து டிகிரிக்குக் கீழே போகும். எனவே, மேலே ஒன்று போர்த்தினால் கீழே இரண்டு விரி. காற்றடிக்கிற மெத்தை மட்டும் போதாது, உள்ளே இருக்கிற காற்றே குளிர்ந்துவிடும். அதன் மேல் கனமான பாய் அல்லது மடித்த கம்பளி வேண்டும். தூளி கட்டினாலும் இதே கதைதான், அடியில் காற்று போகும், உள்ளே கம்பளியை மடித்துப் போடு. பகலில் போட்ட சட்டையோடு படுக்க வைக்காதே, வேர்வை ஈரம் இருக்கும். காய்ந்த சட்டையாக இரண்டு மூன்று அடுக்கு போடு, காலுறை போடு. நாப்கினை நடுராத்திரியில் பார். படுக்கும் முன் சூடாக ஏதாவது சாப்பிடக் கொடு. பிடரியைத் தொட்டுப் பார், சில்லென்றால் இன்னொரு சட்டை, வேர்த்திருந்தால் ஒன்றைக் கழற்று. முகத்தை மூடாதே. அடுப்பு, கரி, கொசுவத்தி எதுவும் டென்ட்டுக்குள் வேண்டாம். ஒரு வயதுகூட ஆகாத பிள்ளை என்றால், இதெல்லாம் வேண்டாம், ரூம் எடுத்துத் தங்கு என்றுதான் சொல்வேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏம்மா இத்தனை வருஷம் சொல்லவே இல்ல?" என்றான். வாத்தியாருக்கு வெட்கம், வேறென்ன! மகளும் நானும் அந்த ராத்திரியைப் பற்றிப் பேசிக்கொள்வதே இல்லை. பேத்தி இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள், வாய் ஓய்வதில்லை. ஆத்தா கஜாவுக்கு அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்தார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம்ம மாவட்டத்தில் இன்றைக்கும் கிடையோடு போகிற குடும்பங்கள், செங்கல் சூளையில் தங்கியிருக்கிறவர்கள், ரோட்டோரம் படுக்கிறவர்கள் பிள்ளைகளைத் தரையில் படுக்க வைத்துத்தான் இந்த மார்கழியையும் தாண்டப் போகிறார்கள். கஜாவின்போது லாரி லாரியாகப் போர்வை அனுப்பிய நல்லவர்களை நாங்கள் மறக்கவே மாட்டோம். அடுத்த முறை அனுப்பும்போது, ஒவ்வொரு போர்வையோடும் ஒரு கனமான பாயையும் சேர்த்து அனுப்புங்கள். ஊரில் வைக்கோல்போர் வைத்திருப்பவர்கள், யாராவது பிள்ளையோடு வந்து ஒரு கட்டு கேட்டால் கணக்குப் பார்க்காதீர்கள்.

உங்கள் வீட்டு அப்பத்தா, அம்மாச்சி சொல்லிக்கொடுத்தது ஏதாவது இருந்தால் எழுதுங்கள். நானும் தெரிந்துகொள்கிறேன்.