அவள் பார்த்த நிலா

பிரிவைப் பாடுவதென்றால் தன் துயரைச் சொல்வது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். சீனக் கவிஞர் தூ ஃபூவின் 'நிலவிரவு' அந்த எண்ணத்தைக் கலைத்தது.

கி.பி. 755இல் ஆன் லுஷானின் கிளர்ச்சி மூண்டது. மறு ஆண்டு, மனைவி மக்களை வடக்கே ஃபூசோவில் விட்டுவிட்டுப் புதிய பேரரசரிடம் புறப்பட்ட கவிஞர், வழியில் கிளர்ச்சியாளரிடம் பிடிபட்டார். தலைநகர் சாங்ஆனில் அகப்பட்டிருந்தபோது எழுதிய எட்டே வரிகள் இவை. அகப்பட்டவர் அவர்; கவிதையில் நிலவைப் பார்ப்பவளோ மனைவி. பிள்ளைகளுக்கு அவள் ஏக்கம் புரியும் வயதில்லை. பனியில் அவள் கூந்தல் நனைவதும் கைகள் குளிர்வதும்கூட அவருக்குத் தெரிகின்றன.

நானும் சில வருடங்கள் சவூதியில் இருந்தவன். வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் என் வெயிலும் என் வேலையும் என் தனிமையுமே நிரம்பிக் கிடந்தன. பிள்ளைகள் உறங்கிய பின் நீ என்ன செய்கிறாய் என்று ஒரு வரி கேட்டதில்லை.

757இல் தப்பிய தூ ஃபூ, அவ்வாண்டே குடும்பத்தைச் சேர்ந்தார். இதையெல்லாம் மனைவியிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தாள்.

"அந்தப் பொம்புள எழுதின ஏதும் இரிக்கா?" என்று கேட்டாள்.

என்னிடம் பதில் இருக்கவில்லை.