நெட் ஸ்லோவா? அந்த 5 விநாடியைக் கவனிங்க

"லினக்ஸ்ல நெட் வரலைங்க"ன்னு யாராவது கூப்பிட்டா நான் கேக்கற முதல் கேள்வி: பாதை இல்லையா, பேர் தெரியலையா? ரெண்டும் வேற வேற வியாதி. 'பிங் 8.8.8.8' அடிச்சுப் பாருங்க. பதில் வந்தா பாதை சரி. அதே பிங்கை ஒரு தளத்தோட பேருக்கு அடிக்கும்போது முழிச்சா, கோளாறு டிஎன்எஸ்லதான்.

டிஎன்எஸ் வேற ஒண்ணுமில்லை, பேரைச் சொன்னா எண் முகவரியைத் தேடித் தர்ற ஏற்பாடு. ஆரம்பத்துல எல்லாப் பேரும் ஒரே கோப்புல இருந்துச்சு. அது கட்டுப்படியாகாமப் போய், 1983ல பால் மொகபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைச்சார். பழைய கோப்போட வாரிசு இன்னமும் நம்ம லினக்ஸ்ல 'ஹோஸ்ட்ஸ்'ங்கற பேர்ல உக்காந்திருக்கு.

மூணாவதா ஒரு வியாதி உண்டு. நெட் வரும், ஆனா இழுத்துக்கிட்டு வரும். இதுதான் பெரிய பேஜாரு. இங்க புனேல எங்க எதிர்வீட்டு அண்ணாச்சிக்கு அதான் நடந்துச்சு. திருநெல்வேலில அவங்க அம்மாவுக்கு உடம்பு முடியலை. ஏசி தட்கால் காலைல 10 மணிக்குத் திறக்கும். ரெண்டு நாளா, பக்கம் வர்றதுக்குள்ள டிக்கெட் காலி. "தம்பி, வேற கனெக்ஷன் போட்டுரட்டா?"ன்னு கேட்டார்.

அவரோடது டெபியன் மெஷின். 'கெட்என்ட் ஹோஸ்ட்ஸ்' போட்டு ஒரு பேரைக் கேட்டேன். 5 விநாடி கழிச்சுப் பதில். அந்த 5தான் துப்பு. ஒரு சர்வர் பதில் சொல்லலைன்னா, லினக்ஸ் வழக்கமா 5 விநாடி காத்திருந்துட்டுத்தான் அடுத்ததைக் கேக்கும்.

'ரிசால்வ்.கான்ஃப்' கோப்பைத் திறந்தேன். 'நேம்சர்வர்' வரி ரெண்டு. முதல் வரில, அவர் எப்பவோ விட்டுட்ட பழைய கனெக்ஷனோட முகவரி. அது வாயே திறக்கலை. ஒரு பக்கம் முழுசா வர பல பேரைத் தேடணும். புதுப் பேர் ஒவ்வொண்ணுக்கும் 5 விநாடி தண்டம்!

அந்த வரியை அழிக்கப் போனா, ரூட்டா இருந்தும் விடலை. யாரோ 'சாட்டர் +ஐ' போட்டுக் கோப்பைப் பூட்டியிருக்காங்க. 'சாட்டர் -ஐ' போட்டுத் திறந்து, வரியை அழிச்சதும் பக்கம் பட்டுன்னு வந்துச்சு. மறுநாள் டிக்கெட் கிடைச்சது. அண்ணாச்சி நாகர்கோவில் வண்டில ஏறிட்டார்.

உபுண்டு வெச்சிருக்கறவங்களுக்கு ஒண்ணு. அந்தக் கோப்புல 127.0.0.53னு இருந்தா பயப்படாதீங்க. அது உங்க மெஷின்லயே ஓடற 'சிஸ்டம்டி-ரிசால்வ்டு'. நிஜமான சர்வர் எதுன்னு 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' சொல்லும். அங்க கோப்பைக் கையால திருத்தினா நிக்காது, நெட்வொர்க் மேனேஜர்ல மாத்துங்க. இன்னொண்ணு, 'டிக்' கட்டளை ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பாக்காது. அதனால 'டிக்' ஒரு பதிலும் பிரவுசர் இன்னொரு பதிலும் சொன்னா, ஹோஸ்ட்ஸ் கோப்புல ஏதாவது பழைய வரி கிடக்கான்னு பாருங்க.

புது கனெக்ஷனுக்குப் பணம் கட்டறதுக்கு முன்னாடி, இந்த நாலு வரியைப் பாத்துடுங்க. காசும் மிச்சம், ஊருக்குப் போற டிக்கெட்டும் தப்பாது :-)