அந்த ஒன்பதுபேர்

மழைக்காலத்தில் ஒருநாள் எங்கள் தந்தையார் கடுங்காய்ச்சலால் படுக்கையுற்றார். நாங்கள் இரவும் பகலும் செபித்தோம். நலமடைந்து அவர் மீண்டும் பால்வெட்டுக்குச் சென்றார். நாங்களோ செபத்தை மறந்தோம்.

பின்னொரு ஞாயிறு வழிபாட்டில் லூக்கா நற்செய்தியின் 17ஆம் அதிகாரம் வாசிக்கப்பட்டது. இயேசுவிடம் இரக்கம் வேண்டிய தொழுநோயாளர் பத்துப்பேரும் நலம்பெற்றனர். திரும்பி வந்து நன்றி கூறியவனோ ஒருவனே. அவனும் யூதர் விலக்கி வைத்த சமாரியன். மற்ற ஒன்பதுபேர் எங்கே என்று இயேசு வினவியதைக் கேட்டு நாங்கள் நாணித் தலைகுனிந்தோம்.

அன்று மாலை லயத்து வீட்டில் முழந்தாளிட்டு இறைவனுக்கு நன்றி கூறினோம். பின்னர், அந்நாளில் எங்களுக்குக் கஞ்சி காய்ச்சித் தந்து, மாரியம்மன் கோயிலில் விளக்கும் ஏற்றிய அண்டைவீட்டு அம்மையாரிடம் சென்று கைகூப்பினோம். நன்றி என்பது கடனைத் தீர்ப்பதன்று. கொடுத்தவரிடம் திரும்பி வருவதேயாகும்.