வாத்தியார் வராத மணி நேரம்

பள்ளிக்கூடத்தில் வேலை என்றால் பாடம் நடத்துகிறாயா, ஆபீஸில் இருக்கிறாயா என்றுதான் ஊரில் கேட்பார்கள். இரண்டும் இல்லை. நான் சுர்வேயான். வகுப்புக்கு வெளியே பிள்ளைகள் இருக்கிற நேரமெல்லாம் என் பொறுப்பு: கேட்டு, முற்றம், மாடிப்படி, மதிய இடைவேளை, பெர்மனான்ஸ் அறை. வேலை பார்ப்பது புதுச்சேரியில், கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் பிரெஞ்சு லிசேயில். 1826-ல் கொலேஜ் ரோயால் என்ற பெயரில் தொடங்கிய பள்ளி அது. பிரான்சுக்கு வெளியே உள்ள பிரெஞ்சுப் பள்ளிகளைக் கவனிக்க 1990-ல் ஒரு அரசு நிறுவனம் வந்தது. அதன் வலையில் இன்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட பள்ளிகள். அவற்றில் எங்களுடையதைப் போல வயதானவை அதிகம் இராது.

நம் ஊர்ப் பள்ளிகளில் பாடம், ஒழுக்கம், வருகைப் பதிவு எல்லாம் வாத்தியார் தலையில். பிரெஞ்சு ஏற்பாடு வேறு. வாத்தியார் பாடத்தோடு சரி; மற்றதற்கெல்லாம் தனியாக ஒரு பிரிவு உண்டு. அதன் தலைமையில் இருப்பவரை ‘செ-பெ-உ’ என்போம். அந்தப் பதவி 1970-ல் வந்தது; அதற்கு முன் அவர் பெயர் ‘சுர்வேயான் ஜெனரால்’, பட்டாளத்துப் பெயர் போலவே இருக்கும். அவருக்குக் கீழே நாங்கள்.

பிரெஞ்சு கால அட்டவணையில் ஓட்டைகள் இருக்கும். திங்கட்கிழமை எட்டு மணிக்குக் கணக்கு, ஒன்பதுக்கு ஒன்றுமில்லை, பத்துக்கு வரலாறு. அன்று ஒரு வாத்தியார் லீவு என்றால் இன்னொரு ஓட்டை. அந்த நேரத்தில் சின்னப் பிள்ளைகள் பெர்மனான்ஸ் அறைக்கு வந்து உட்கார வேண்டும். வீட்டுப்பாடம் செய்யலாம், படிக்கலாம், சத்தம் மட்டும் கூடாது. காசைக் கட்டிவிட்டு பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கிறானே என்று பெற்றோர் முகம் சுளிப்பார்கள். என்னைக் கேட்டால், இந்தப் பள்ளியில் பிள்ளைகள் ஒருவரோடொருவர் சேர்வது பெரும்பாலும் அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

தானாகச் சேரமாட்டார்கள் என்பதால் சொல்கிறேன். எங்கள் முற்றத்தில் மூன்று வகைப் பிள்ளைகள். முதலாவது, சொல்தா வீட்டுப் பிள்ளைகள், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களின் வீட்டுப் பிள்ளைகள். 1962 ஆகஸ்டில் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அப்படி எழுதிக் கொடுத்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். பாஸ்போர்ட்டு பிரெஞ்சு, வீட்டில் மீன் குழம்பும் தமிழும். இரண்டாவது, பிரான்சிலிருந்து வேலை நிமித்தம் வந்தவர்களின் பிள்ளைகள். இரண்டு மூன்று வருடத்தில் வேறு நாட்டுக்குப் போய்விடுவார்கள். மூன்றாவது, இந்தப் படிப்பு வேண்டும் என்று தேடி வந்து சேர்த்த இந்தியக் குடும்பங்களின் பிள்ளைகள். இடைவேளை மணி அடித்ததும் இவர்கள் மூன்று இடத்தில் போய் நிற்பதை மாடியிலிருந்து பார்த்தால் தெரியும். பையன்களுக்காவது பந்து இருக்கிறது, ஒரு வாரத்தில் கலந்துவிடுவார்கள். பெண் பிள்ளைகளுக்குத் தீபாவளி வரை ஆகும்.

பெர்மனான்ஸில் நான் மேடையில் உட்காருவதில்லை. கதவோரமாக ஒரு நாற்காலி. முதல் பத்து நிமிடம் வருகையைக் கம்ப்யூட்டரில் பதிவேன். பிறகு தலை குனிந்துதான் இருக்கும், காது மட்டும் அவர்கள் பக்கம். நாலு பேர் சிரித்தால் நிமிர்ந்து பார்ப்பேன். ஒரு நோட்டைப் பார்த்து இரண்டு பேர் குசுகுசுத்தால் பார்க்கமாட்டேன். விதிப்படி இரண்டும் சத்தம்தான். இந்தப் பாகுபாட்டை எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தருவதில்லை.

உட்கார வைப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. புதிதாக வந்த பிள்ளையை நல்ல பிள்ளை பக்கத்தில் உட்கார வைத்தால் மரியாதையாகப் பேசிக்கொள்வார்கள், அவ்வளவுதான். யாருக்கு இவனிடம் ஒரு காரியம் ஆக வேண்டுமோ அவன் பக்கத்தில் போட வேண்டும். லியோனிலிருந்து வந்தவனுக்குப் பிரெஞ்சுக் கட்டுரை தண்ணீர் பட்ட பாடு. நம் முத்தியால்பேட்டைப் பையனுக்கு அது வராது, கணக்கு வரும். பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டு நான் பேசாமல் இருந்தால் போதும்.

ஆனால் பிள்ளைகள் நம்மைவிட விவரமானவர்கள். ஒருமுறை ‘காத்ரியேம்’ வகுப்புப் பையன் ஒருவன், அதாவது நம் எட்டாம் வகுப்பு, புதுப் பையன் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்றான். ஏன் என்று கேட்டேன். மற்ற நேரமெல்லாம் என்னை ‘மதாம்’ என்பவன் சட்டென்று தமிழுக்கு வந்துவிட்டான். “விடுங்கக்கா. ரெண்டு வருஷத்துல அவன் போயிடுவான். போன தடவையும் இப்படித்தான் ஒருத்தன் போனான்.” அதற்கு என்ன பதில் சொல்வது? உட்கார் என்று மட்டும் சொன்னேன், உட்கார்ந்தான்.

பள்ளி வாழ்வில் எனக்கு மிகவும் பிடித்த வேலை வகுப்புப் பிரதிநிதிகளைத் தயார் செய்வது. ‘சிசியேம்’ என்கிற ஆறாம் வகுப்பிலிருந்தே ஒவ்வொரு வகுப்பும் ரகசிய வாக்கெடுப்பில் இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கும். பருவத்துக்கு ஒருமுறை வகுப்புக் கவுன்சில் கூடும்போது தலைமையாசிரியர், பாட ஆசிரியர்கள், பெற்றோர் பிரதிநிதிகள் உட்காரும் அதே மேசையில் இந்தப் பிள்ளைகளும் உட்கார வேண்டும். பதினோரு வயதுப் பிள்ளை, பெரியவர்கள் முன்னால் வகுப்புக்காகப் பேச வேண்டும். பெரியவர்கள் பேசும் இடத்தில் வாயைத் திறக்காதே என்று வளர்ந்தவள் நான். முதல்முறை பார்த்தபோது எனக்கே வயிற்றைக் கலக்கியது.

கவுன்சிலுக்கு முதல் நாள் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி காகிதத்தோடு வந்தாள். முதல் வரி: “எங்களுக்கு டெஸ்ட் மேல டெஸ்ட் வெச்சு சாகடிக்கிறாங்க.” எந்த நாள், என்னென்ன பாடம் என்று கேட்டேன். தெரியவில்லை. போய் நோட்டைப் பார்த்துவிட்டு வந்தாள். வியாழக்கிழமைகளில்தான் இரண்டு டெஸ்ட் சேர்ந்து வந்திருக்கிறது. அடித்துவிட்டு, “வியாழன் டெஸ்டில் ஒன்றை வேறு நாளுக்கு மாற்ற முடியுமா?” என்று எழுதினாள். அடுத்த வரியில் ஒரு பையனின் மதிப்பெண் பற்றி ஏதோ இருந்தது. அவனிடம் கேட்டாயா என்றேன். கேட்கவில்லை, அந்த வரியும் போனது. மறுநாள் அவள் பேசியது ஒரு நிமிடம்கூட இராது. வியாழன் டெஸ்ட் செவ்வாய்க்கு மாறியது. இருபதுக்குப் பதினாறு வாங்கினால் வராத ஒரு நடை, அன்று மாலை கேட்டைத் தாண்டும்போது அவளுக்கு வந்திருந்தது.

மேல் வகுப்புக்குப் போனால் பேச்செல்லாம் ‘பாக்’ என்கிற பள்ளி இறுதித் தேர்வுதான். பழைய மாணவர்கள் பெருமையாகச் சொல்வார்கள்: பிரான்சில் ஜூனில் நடக்கும் தேர்வு ஒரு காலத்தில் இங்கே ஏப்ரல், மே தொடக்கத்திலேயே முடிந்துவிடும், அங்கே மாணவர்கள் ‘பொந்திஷேரி வினாத்தாள்’ வந்துவிட்டதா என்று காத்திருந்து அதை வைத்துத் தயார் ஆவார்கள். 2021-ல் தேர்வு முறை மாறியது. இப்போது நூற்றுக்கு நாற்பது பங்கு ஆண்டு முழுவதும் வாங்கும் மதிப்பெண்ணிலிருந்து வருகிறது. கடைசியில் இருபது நிமிட வாய்மொழித் தேர்வும் உண்டு. அதில் நடுங்காமல் நிற்பவர்கள் யாரென்று பார்த்தால், சின்ன வயதில் பிரதிநிதியாக இருந்தவர்கள் பலர் இருப்பார்கள்.

பிறகு ‘பார்கூர்சுப்’ தளத்தில் விண்ணப்பம், பிரான்சில் கல்லூரி. இங்கேயே இருப்பான் என்று நினைத்த பிள்ளையும் விமானம் ஏறுகிறான். அக்காவென்று கூப்பிட்ட அந்தப் பையனும் போனான். துலூசில் இறங்கியபோது அவனுக்கு அறை பார்த்து வைத்திருந்தவன், முன்பு யார் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்றானோ, அந்தப் புதுப் பையன்தான்.

பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளையின் அட்டவணையில் ஒரு மணி நேரம் காலியாக இருந்தால், அதில் டியூஷன் போடாதீர்கள்.