மதியம் இரண்டு மணிக்குச் சாத்தும் மலை

மலை தெரியவில்லை. ஜூன் கடைசி, ஜப்பானில் மழைக்காலம். ஃபுஜியோஷிதா ஊரின் நீண்ட கடைத்தெருவில் நின்றுகொண்டு தம்பி கை காட்டிய திசையில் சாம்பல் நிற மேகம் மட்டும்தான் இருந்தது. “அங்கதான்க்கா இருக்கு” என்றான். 3,776 மீட்டர் உயரமுள்ள ஒன்றை வாய்வார்த்தையாக மட்டும் நம்புவதற்கு அக்கா தயாராக இல்லை. மதுரையில் வங்கியின் கடன் பிரிவில் இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லாதவர்.

சண்டை பஸ்ஸிலேயே தொடங்கியிருந்தது. டோக்கியோவில் மென்பொருள் வேலை பார்க்கும் தம்பியின் திட்டம், அந்த ஊர் இளைஞர்கள் பலரும் போட்டுப் பார்த்த திட்டம்தான். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் ஷின்ஜுகுவில் பஸ் ஏறுவது. 2,300 மீட்டர் உயரத்தில், ஐந்தாம் நிலையத்தில் இறங்குவது. இரவெல்லாம் ஏறி உச்சியில் சூரியோதயம் பார்ப்பது. சனிக்கிழமையே வீடு திரும்பிவிடுவது. தங்கும் செலவு மிச்சம். துப்பாக்கிக் குண்டு மாதிரி ஏறுவது என்று ஜப்பானியர்கள் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

அந்தக் குண்டைத் தடுக்கத்தான் இப்போது கதவு போட்டிருக்கிறார்கள். நிஜக் கதவு. மூச்சு முட்டி, தலை சுற்றி, குளிரில் நடுங்கிப் பாதையோரத்தில் சுருண்டு கிடப்பவர்களைப் பார்த்துச் சலித்த யமனாஷி மாகாண நிர்வாகம், 2024இல் யோஷிதா பாதையில், ஐந்தாம் நிலையத்தில் அதை நிறுவியது. ஒரு நாளைக்கு 4,000 பேர்; தலைக்கு 2,000 யென். 2025இல் கட்டணம் இரட்டிப்பானது. மலைக்குடிலில் முன்பதிவு செய்யாதவர்களுக்கு மதியம் 2 மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். திரும்பத் திறப்பது அதிகாலை 3 மணிக்கு.

“சரி, 3 மணிக்கு ஏறுவோம்.”

“விடியறப்ப உச்சியில இருக்கணும்னு சொன்னது யாருடா? ஜூலையில இங்க நாலரைக்கெல்லாம் விடிஞ்சிருது.”

குடிலில் தங்கலாமே என்றார் அக்கா. தம்பிக்கு அதில் துளியும் விருப்பமில்லை. 10,000 யென்னுக்கு மேல் வாங்கிக்கொண்டு, ஆள் புரளக்கூட முடியாத இடத்தில், முன்பின் தெரியாதவர்களோடு தோளோடு தோள் இடிக்கப் படுக்க வைப்பார்கள். சாயங்காலமே ஒரு தட்டு ஜப்பானியக் கர்ரி சோற்றைக் கொடுத்துத் தூங்கச் சொல்லிவிட்டு, நள்ளிரவு தாண்டியதும் எழுப்பிவிடுவார்கள் என்று சொன்னான். சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் அக்கா வளர்ந்தது கல்யாண மண்டபங்களில் ஜமுக்காளத்தில் வரிசையாகப் படுத்துத் தூங்கிய தலைமுறையில். தனி அறை கேட்டு வளர்ந்தவன் தம்பிதான்.

பசி சண்டையை நிறுத்தியது. ஒரு வீட்டின் முன்கூடமே கடை. செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்கார வேண்டும். இந்த ஊரில் பல உடோன் கடைகள் மதியத்துக்கு மட்டும் திறந்திருந்து, பிசைந்த மாவு தீர்ந்ததும் மூடிவிடும். கிண்ணத்தில் பென்சில் தடிமனுக்கு வெள்ளை வெளேரென்று நூடுல்ஸ், மேலே வெந்த முட்டைக்கோஸ், சோயாவும் இனிப்புமாக வேகவைத்த கறித் துண்டுகள். அக்கா முதல் வாயை மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.

“வேகலடா இது. உள்ள சொல்லி இன்னொரு கொதி விடச் சொல்லு.”

தம்பி அதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டான். யோஷிதா உடோன் அப்படித்தான் இருக்கும். தாடைக்கு வேலை கொடுக்காவிட்டால் அது அந்த ஊர் உடோனே இல்லை. ஃபுஜியோஷிதா நெசவு ஊர். பெண்கள் தறியை விட்டு எழ நேரமில்லாததால் ஆண்கள் மாவு பிசைந்தார்கள், அந்தக் கைப்பலம்தான் நூடுல்ஸில் இறங்கிவிட்டது என்று ஊர்க்காரர்கள் காரணம் சொல்கிறார்கள். ஆண்கள் சமைத்தால் இப்படித்தான் என்பதற்கு அக்காவுக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

கறி என்ன கறி என்று கேட்டபோது தம்பி கொஞ்சம் இழுத்தான். பிறகு “குதிரை” என்றான். ஆட்டில் எந்தப் பாகத்தையும் விட்டுவைக்காத குடும்பம்தான். என்றாலும் அக்கா ஒன்றும் பேசாமல் துண்டு துண்டாக எடுத்துத் தம்பியின் கிண்ணத்துக்கு மாற்றினார். ஒரு காலத்தில் யாத்திரிகர்களை மலையடிவாரம்வரை சுமந்த பிராணி, அதே வழியில் இப்போது கிண்ணத்தில் கிடக்கிறது.

சாப்பாட்டைக் காப்பாற்றியது மேசையில் இருந்த சின்ன ஜாடி. செக்கச்செவேலென்ற விழுது: மிளகாய், எள், நாக்கை லேசாக மரத்துப்போக வைக்கும் சான்ஷோ. சுரிதானே என்பார்கள், கடைக்குக் கடை பக்குவம் மாறும். வந்த நாளிலிருந்து ஜப்பான் சாப்பாட்டில் உப்புமில்லை உறைப்புமில்லை என்று சொல்லிவந்தவர், ஒரு ஸ்பூன் போட்டார், இன்னொன்று போட்டார், மூன்றாவதற்குக் கை நீட்டியபோது பக்கத்துப் பாயில் இருந்த முதியவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

அப்படித்தான் பேச்சு தொடங்கியது. ஃபுஜி ஏறப் போகிறோம் என்றதும் அவர் பெரிதாக ஆர்வம் காட்டவில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒருமுறை கூட்டிப்போனார்கள், அவ்வளவுதான் என்றார். மலையைத் தினமும் பார்ப்பவர்களுக்கு அது வானிலை அறிக்கை. மேகம் தொப்பி போட்டால் மழை. அவருக்குப் பேச வேறு விஷயம் இருந்தது: அன்று ராத்திரி அவருக்கு ‘முஜின்’. நண்பர்கள் மாதம் ஒருமுறை ஓரிடத்தில் கூடுவார்கள், ஆளுக்கு இவ்வளவு என்று பணம் போடுவார்கள், ஒவ்வொரு தடவையும் ஒருவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வார், பிறகு சாப்பாடும் குடியும்...

தம்பி மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். “சீட்டுடா! குலுக்குச் சீட்டு!”

அதற்குப் பிறகு மலை மறந்துபோனது. ஏலமா, குலுக்கலா? முதலில் எடுத்தவன் அப்புறம் கட்டாமல் நழுவினால் யார் பொறுப்பு? அவர்கள் வீட்டில் அம்மாவே சீட்டுப் பிடித்தவர். அக்கா கல்யாணத்தின் பாதி நகை அதில் வந்தது. வங்கியும் கடனும் கைக்கு எட்டாத காலத்தில் யமனாஷிக்காரர்கள் கடை வைத்ததும் வீடு கட்டியதும் முஜின் பணத்தில்தான் என்று முதியவர் விளக்கினார். இன்று பணத் தேவை குறைந்துவிட்டது. கூடிக் குடிக்க ஒரு சாக்காகப் பலருக்கு அது மிஞ்சியிருக்கிறது. ஓடிப்போனவன் உண்டா என்ற கேள்விக்கு மட்டும் அவர் பதில் சொல்லாமல் தேநீர் குடித்தார். உண்டு என்று அக்கா எடுத்துக்கொண்டார்.

எழுந்து போகும்போது அவர் சொன்ன ஒன்றுதான் திட்டத்தைப் புரட்டிப் போட்டது: அந்தக் காலத்தில் இந்த மலையை ஏறியதே சீட்டுப் போட்டுத்தான்; தெருவில் ஓஷி வீடு ஒன்று இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

போனார்கள். தொகாவா குடும்பத்தின் அந்தப் பழைய வீடு இப்போது அருங்காட்சியகம். 2013இல் ஃபுஜியை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தபோது அதில் இதுவும் ஒரு பகுதியாகச் சேர்ந்தது. தெருவிலிருந்து ஒரு சந்து வழியாக உள்ளே போனால், வாசலுக்கு முன்னால் வாய்க்கால். யாத்திரிகர்கள் அதில் கை கால் கழுவிச் சுத்தமான பிறகே உள்ளே வருவார்கள். வீடு பின்னோக்கி நீண்டுகொண்டே போகிறது; கடைசி அறை சாமி அறை.

டோக்கியோவுக்கு எடோ என்று பெயர் இருந்த காலத்தில் தச்சனும் சில்லறை வியாபாரியும் தனியாக இந்தப் பயணச் செலவைத் தாங்க முடியாது. அதனால் ஃபுஜி-கோ என்ற குழுக்கள் உண்டாயின. எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் போடுவார்கள். ஆண்டுதோறும் குலுக்கலில் பெயர் வந்த சிலர் மற்ற எல்லோருக்கும் சேர்த்து மலை ஏறி வருவார்கள். எடோவில் 808 கோ, 80,000 உறுப்பினர் என்று ஒரு வழக்குச் சொல் உண்டு. கணக்கு முன்னே பின்னே இருக்கலாம், அளவு புரிகிறது. அப்படி வருபவர்களைத் தங்க வைத்து, சோறு போட்டு, பூசை செய்து, மேலே அனுப்பிவைப்பது ஓஷிகளின் தொழில். இந்தத் தெருவில் மட்டும் 80க்கும் மேற்பட்ட ஓஷி வீடுகள் இருந்தன. மலை மூடியிருக்கும் பருவத்தில் அவர்களே எடோவுக்குப் போய், பிரசாதத் தாயத்துகள் கொடுத்து, அடுத்த ஆண்டுக்கு ஆள் பிடிப்பார்கள்.

“டிராவல் ஏஜென்ட்” என்றான் தம்பி.

அது பாதிதான் சரி. எண்ணெய் வியாபாரியாக இருந்து ஞானியான ஜிகிக்யோ மிரோகு 1733இல் இந்த மலையின் ஏழாம் நிலையத்துக்கு மேலே ஒரு பாறையில் அமர்ந்து 31 நாள் உண்ணாமல் இருந்து உயிர் விட்டார். அத்தனை நாளும் கூடவே இருந்து அவர் பேசியதை எழுதி வைத்தவர் யோஷிதாவின் ஓஷி ஒருவர்தான். எந்த ஏஜென்ட் அவ்வளவு தூரம் வருவான்?

அக்கா அதிக நேரம் நின்றது வேறு ஒரு செய்திக்காக. பெண்கள் உச்சிக்குப் போகத் தடை இருந்தது. மெய்ஜி அரசு 1872இல்தான் அதை நீக்கியது. அதற்கு 40 ஆண்டு முன்பே, 1832இல், தகாயாமா தட்சு என்ற இளம் பெண் ஆண் வேடத்தில், கூட்டமில்லாத, பனி விழத் தொடங்கிய பருவத்தில் உச்சி வரை ஏறியிருக்கிறார். காலையில் பஸ்ஸில் “உனக்கு முட்டி வலிக்கும்க்கா, நீ ஐந்தாம் நிலையத்துல காபி குடிச்சுட்டு உக்காந்திரு” என்று சொன்ன தம்பி, அந்த நேரம் பார்த்துக் கழிப்பறைக்குப் போயிருந்தான். அவன் திரும்பி வந்ததும் அக்கா அந்தப் பகுதியை வாய்விட்டு மொழிபெயர்க்கச் சொன்னார். இரண்டு தடவை.

மலை ஐந்தாம் நிலையத்தில் தொடங்கவில்லை என்பதும் அங்கேதான் தெரிந்தது. பாதை ஊரிலேயே, கிதாகுச்சி ஹோங்கு ஃபுஜி செங்கென் கோயிலின் தேவதாரு மரங்களுக்குப் பின்னாலிருந்து புறப்படுகிறது. உமாகயேஷி என்ற இடத்தில் குதிரைகளை விட்டுவிட வேண்டும். அங்கே கல் தோரணத்துக்குக் காவல் நிற்பவை குரங்குச் சிலைகள். 1964இல் ஐந்தாம் நிலையத்துக்குக் கார்ச்சாலை போட்டதும் கீழ்ப் பாதி வெறிச்சோடியது; வழியிலிருந்த தேநீர்க் குடில்கள் பல இடிந்து கிடக்கின்றன. ஒரு பருவத்தில் 2 லட்சம் பேருக்கு மேல் ஏறும் மலையில், காடும் பாசியும் பழைய குடில்களும் உள்ள பகுதிக்கு ஆளில்லை. எரிமலைச் சரளையும் தூசியும் மட்டுமே இருக்கும் மேல் பாதியில் வரிசை நிற்கிறது. ஆகப் பெரிய அநியாயம் இதுதான் என்று அக்கா சொன்னார், அதில் தவறு சொல்ல முடியாது.

எனவே புதுத் திட்டம் அக்காவுடையது. கோயிலில் தொடங்கிக் காடு வழியாக நடப்பது. ஐந்தாம் நிலையம் வந்ததும் முட்டியைக் கேட்பது. முட்டி சம்மதித்தால் குடிலில் ஒரு ராத்திரி. தம்பிக்கு ஊன்றிக்கொள்ள கார்பன் கம்பு உண்டு. அக்காவுக்கு மரக்கம்புதான் வேண்டுமாம், ஒவ்வொரு குடிலிலும் காசு வாங்கிக்கொண்டு சூட்டுக்கோலால் முத்திரை குத்தித் தருவார்களே, அது. “ஏறினதுக்கு ரசீது வேணாமாடா?”

பஸ் நிறுத்தத்தில் தம்பி போனைத் திறந்து குடில்களின் முன்பதிவுப் பக்கங்களைப் பார்த்தான். ஜூலையின் சனிக்கிழமைகள் எப்போதோ நிரம்பிவிட்டன. வெள்ளியும் அப்படியே. ஒரு செவ்வாய்க்கிழமை இருந்தது.

“செவ்வாய்க்கிழமை கிளம்பறதா? வேற நாள் பாரு.”

“அக்கா, இது ஜப்பான்.”

“செவ்வாய்க்கு அதெல்லாம் தெரியாது. பாரு.”

இன்னொரு குடிலில், புதன்கிழமை இரண்டு இடம் காலியாக இருந்தது. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று சொல்லிக்கொண்டே அக்கா தன் கார்டை எடுத்து நீட்டினார். வார நடுவில் இரண்டு நாள் லீவுக்கு மேலதிகாரியிடம் என்ன காரணம் சொல்வது என்று தம்பி யோசித்துக்கொண்டிருந்தான். அக்கா நாலைந்து காரணம் சொன்னார். அதில் எதையும் ஜப்பானிய மொழியில் எழுதும் தைரியம் அவனுக்கு வரவில்லை.