கரும்பலகையும் கணினித் திரையும்

வகுப்பறையில் கரும்பலகை ஒன்றே. எழுத ஆசைப்படுவோரோ நாற்பது பேர். எல்லாரும் ஒரே வேளையில் சுண்ணக்கட்டியோடு பாய்ந்தால் என்ன ஆகும்? கணினித் திரையின் நிலையும் அதுவே. கடிதம் எழுதும் செயலி, பாட்டுச் செயலி, கடிகாரம் யாவும் அந்த ஒரு திரையையே நாடுகின்றன. அவற்றுக்கு இடம் பிரித்துத் தரும் நிரலுக்குக் 'காட்சி வழங்கி' என்று பெயர்.

எங்களில் ஒருத்தியின் அக்காள் அரசுப் பள்ளியில் பெற்ற மடிக்கணினி, மயிலாடும்பாறையில் எங்கள் தெருவுக்கே இன்றும் உழைக்கிறது. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய திட்டத்தில் வந்தது. அதில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய 'பாஸ்' லினக்சும் உண்டு. பாஸில் திரையை ஆள்வது 'எக்ஸ்' என்னும் காட்சி வழங்கி. 1984-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் பிறந்தது, எங்கள் அம்மாமாரின் வயதிருக்கும்!

எக்ஸ் முறையில், மாணவியர் சீட்டில் எழுதி நீட்ட, சிஸ்டர் பலகையில் வரைவார். அலங்காரங்களை நிறுத்திக் கணினியை இலேசாக ஓட்டும்போது ஒரு வேடிக்கை காணலாம். திணறி நின்ற செயலியின் மேல் வேறொரு சாளரத்தை இழுத்தால், போன வழியெல்லாம் வண்டித் தடம்போல் படியும். மறைந்த பகுதியை எக்ஸ் நினைவில் வைப்பதில்லை. "உன் இடம் வெளிப்பட்டது, மறுபடி வரை" என்று செயலிக்குச் சொல்லும். அதுவோ மயங்கிக் கிடக்கிறது. யார் வரைவது?

தடம் போனால் போகட்டும். ஒரு செயலியில் நாம் தட்டும் எழுத்துகளை இன்னொரு செயலி ஒட்டுக்கேட்கவும் எக்ஸ் இடம் தருகிறது. எங்கள் தெருவில் உதவித்தொகை விண்ணப்பம், அம்மாவின் வங்கிக் கணக்கு, கடவுச்சொல் எல்லாம் தட்டப்படுவது அந்த ஒரே கணினியில்தான். எங்கிருந்தோ இறக்கிய விளையாட்டும் அதே திரையில்தான்.

2008-இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் 'வேலண்ட்' என்ற புதுமுறையைத் தொடங்கினார். இங்கே ஒவ்வொரு செயலியும் தன் படத்தைத் தன் தாளிலேயே முழுதாக வரைந்து கொடுத்துவிடும். அத்தாள்களை அடுக்கி ஒட்டி, சாதாரணத் திரையில் நொடிக்கு 60 முறை வரை காட்டுவது மட்டுமே சிஸ்டர் வேலை. ஒருத்தி தாளை மற்றவள் எட்டிப் பார்க்க முடியாது. தட்டும் எழுத்து உரிய சாளரத்துக்கே போகும். (விடுதிக்கு வரும் கடிதங்களைப் பற்றி நாங்கள் பேசவில்லை!) திரையைப் படம்பிடிக்கும் செயலிகூட அனுமதி கேட்க வேண்டும். அது தொல்லை என்பாரும் உண்டு. எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை.

அந்தப் பழைய கணினியில் வேலண்ட் உள்ள புது லினக்ஸ் ஓடுமா என்று கோடை விடுமுறையில் பார்ப்பதாக அக்காள் சொல்லியிருக்கிறாள். அதுவரை அதில் புது விளையாட்டு எதையும் ஏற்றக்கூடாது என்று தடை போட்டிருக்கிறோம். தம்பிமார் எங்களோடு பேசுவதில்லை.