கோபியின் கோபம்

கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் என்றால் எனக்கு உயிர். ஆனாலும் 2007 மே மாதம் அவர் பேசியதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

அவருடைய லேக்கர்ஸ் அணி பிளேஆஃப் முதல் சுற்றிலேயே ஃபீனிக்ஸிடம் தோற்று வெளியேறியிருந்தது. அவருக்குத் துணையாக ஆடப் பலமான ஆட்கள் இல்லை என்பது உண்மை. வானொலியில் வந்து, என்னை வேறு அணிக்கு மாற்றிவிடுங்கள் என்றார். சரி, அது நிர்வாகத்தோடு உள்ள சண்டை.

ஆனால் வண்டி நிறுத்துமிடத்தில் ரசிகர்கள் எடுத்த அந்த வீடியோ? நட்சத்திர வீரர் ஜேசன் கிட் கிடைப்பார் என்றால் தன் அணியின் இளம் வீரர் ஆண்ட்ரூ பைனத்தைத் தூக்கிக் கொடுத்திருக்க வேண்டாமா என்று கொட்டித் தீர்த்தார். பைனத்துக்கு அப்போது 19 வயதுங்க! அடுத்த சீசனில் அந்தப் பையன் முகத்தில் எப்படி விழிப்பது?

2008 பிப்ரவரியில் பாவ் கசோல் லேக்கர்ஸுக்கு ஆட வந்தார். 2009, 2010 இரண்டு வருடமும் கோப்பை. கோபி சத்தம் போட்டதால்தான் நிர்வாகம் அசைந்தது என்பார்கள். இருக்கலாம். அதற்கு ஒரு சின்னப் பையனைச் சந்தியில் நிறுத்தியிருக்க வேண்டியதில்லை.

2010 இறுதித் தொடர், பாஸ்டனோடு ஏழாவது ஆட்டம். கோபி எறிந்த 24 பந்துகளில் 6தான் உள்ளே விழுந்தன. ஆனாலும் விடாமல் போராடி 15 ரீபவுண்ட் எடுத்தார். பைனமோ முழங்கால் சவ்வு கிழிந்த நிலையில், அறுவை சிகிச்சையைத் தள்ளிவைத்துவிட்டு அந்தத் தொடரில் ஆடினார். கோபியின் ஐந்தாவது கோப்பையைப் பற்றிப் பேசும்போது பைனத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.